முத்துவுக்கும் லட்சுமிக்கும் நடுவே ஓர் இடைவெளி

என் பி.ஏ. பட்டத்தில் முத்துவுக்கும் லட்சுமிக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் அது இல்லை. ஆதாரில் இல்லை, பாஸ்போர்ட்டில் இல்லை. பல்கலைக்கழகத்தில் யாரோ ஒருவர் தட்டச்சு செய்யும்போது ஸ்பேஸ் பாரில் கட்டைவிரல் பட்டிருக்கிறது, அவ்வளவுதான். எட்டு வருஷம் நான் அதைக் கவனிக்கவே இல்லை. கவனிக்க வழியும் இல்லை. ஏனென்றால் அந்தப் பட்டத்தையே நான் வாங்கியிருக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் இப்படித்தான். புரொவிஷனல் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் கையில் வந்ததும் படிப்பு முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம். பட்டமளிப்புக்குத் தனியாகப் பணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும் என்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் கணக்கு. போடியில் நான் வேலை பார்த்த மெட்ரிக் பள்ளியிலும் புரொவிஷனலையே வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டார்கள். மாதம் 14,000 ரூபாய் சம்பளத்துக்கு அது போதும்.

2024 ஜனவரியில் தாய்லாந்தில் கோன் கேன் மாகாணத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் வேலைக்கு வீடியோவில் நேர்காணல் நடந்தது. மூன்று ஆசிரியைகள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி நடித்தார்கள். நான் அவர்களுக்குப் பாடம் எடுத்தேன். ஒருவர் வேண்டுமென்றே தூங்குவதுபோல் நடித்தார். அவரிடம் கேள்வி கேட்டு எழுப்பியதில்தான் வேலை கிடைத்தது என்று இன்றும் நம்புகிறேன். 22,000 பாட் சம்பளம், அப்போதைய மதிப்பில் சுமார் 50,000 ரூபாய். மே 16 பள்ளி திறக்கும், அதற்குள் வந்துவிடுங்கள் என்றார்கள். நான்கு மாதம் இருந்தது. நான்கு மாதத்தில் ஒரு ஆள் வீடு கட்டி முடிக்கலாம்.

கடிதம் வந்ததும் அப்பாவிடம் காட்டினேன். அப்பா ஏலக்காய்க் கமிஷன் கடையில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் முதலில் தேதியைப் பார்ப்பார். கடிதத்தைக் கையில் வாங்கி, கண்ணாடியை மேலே தள்ளி, “என்னத்தா, 2567-னு போட்டிருக்கு?” என்றார். தாய்லாந்தில் புத்த ஆண்டுக் கணக்கு. நம் கணக்கைவிட 543 கூட. இதை விளக்கியபோது, “அப்ப அவசரமே இல்ல” என்றார். அப்போது சிரித்தேன்.

தாய்லாந்து ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். நான் முதலில் ஆசைப்பட்டது கொரியா. அங்கே ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்கான ஈ-2 விசா பொதுவாக ஏழு நாட்டுக்காரர்களுக்குத்தான்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. இந்தியாவுக்கும் கொரியாவுக்கும் 2010-இல் அமலுக்கு வந்த பொருளாதார ஒப்பந்தத்தில், ஆசிரியப் பயிற்சி முடித்த இந்தியர்களுக்கு ஒரு சின்னக் கதவு திறந்திருக்கிறது. ஆனால் நான் எழுதிக் கேட்ட இரண்டு இடங்களில் ஒருவருக்கும் அந்தக் கதவைப் பற்றித் தெரியவில்லை. தாய்லாந்தில் அப்படி இல்லை. ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களும் வரலாம், டோயிக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் 990-க்கு 600 எடுத்தால் போதும்.

சரி, காகிதத்துக்கு வருகிறேன். அந்தப் பள்ளி கேட்டது: வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பமும் தாய்லாந்து தூதரகத்தின் முத்திரையும் பெற்ற பட்டம், காவல்துறையின் நன்னடத்தைச் சான்று, டோயிக் மதிப்பெண், மருத்துவச் சான்று. சொன்னால் நான்குதான். பட்டத்துக்குள்ளே மட்டும் நான்கு அடுக்கு இருக்கிறது என்பது உள்ளே போன பிறகுதான் தெரியும். முதலில் பட்டம் கையில் வேண்டும். பிறகு அது போலி இல்லை என்று பல்கலைக்கழகமே தரும் உண்மைத்தன்மைச் சான்று. அதை வைத்து மாநில அரசின் ஒப்பம். அந்த ஒப்பத்தை வைத்துத்தான் வெளியுறவு அமைச்சகம். ஒவ்வொருவரும் பட்டத்தைப் பார்ப்பதில்லை. முந்தைய ஆளின் கையெழுத்தைத்தான் பார்க்கிறார்கள்.

பட்டத்துக்கு பிப்ரவரி முதல் வாரம் பணம் கட்டினேன். மார்ச் முதல் வாரம் தபாலில் வந்தது. அன்றுதான் அந்த இடைவெளியைப் பார்த்தேன். பல்கலைக்கழகத்துக்குப் போனேன். அந்தப் பிரிவில் இருந்த அம்மா நல்லவர். சான்றிதழை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “திருத்தம் போட்டா மறுபடி முதல்லேர்ந்து போகணும்மா. இதை யாரு பாக்கப் போறா? ஒரு அஃபிடவிட் வாங்கி வெச்சுக்கோ” என்றார். நோட்டரியிடம் போய், முத்து லட்சுமியும் முத்துலட்சுமியும் ஒருவரே என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்கினேன். நோட்டரி, “இனிஷியலும் வேற வேறயா இருக்கேம்மா” என்றார். ஆமாம், அது அடுத்த கதை. பள்ளிச் சான்றிதழில் ‘பி’ முன்னால், பட்டத்தில் பின்னால், பாஸ்போர்ட்டிலோ ‘பி’யே இல்லை; அப்பா பெயர் முழுசாக விரிந்து ‘பாண்டி’ என்று குடும்பப் பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது.

குடும்பப் பெயர் என்று ஒன்று நம்மிடம் இல்லை என்பதை உலகத்தில் எந்தப் படிவமும் ஒத்துக்கொள்வதில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டவர்கள் பட்ட பாடு தெரியுமில்லையா? 2022 நவம்பரில் அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தபோது நம் ஊரில் எத்தனை பேர் அலைந்தார்கள். ஆக, அப்பாவைக் கட்டத்தில் உட்காரவைத்தது சரிதான் என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் தேதி அறிவித்தார்கள். தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19. நான் நன்னடத்தைச் சான்றுக்கு 500 ரூபாய் கட்டி, மதுரையில் பாஸ்போர்ட் சேவா மையத்துக்குப் போய் வந்தது அதற்கு மறு வாரம். மதுரையில் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. பிறகு அது ஊர்க் காவல் நிலையத்துக்கு விசாரணைக்கு வர வேண்டும். வந்தது. வந்து அங்கேயே இருந்தது. நான்கு முறை போனேன். ஒவ்வொரு முறையும் அதே காவலர், அதே பதில்: “எலெக்‌ஷன் முடியட்டும் பாப்பா.” அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நிலையத்தில் இருந்ததே மூன்று பேர். மற்றவர்கள் எல்லாம் சோதனைச் சாவடியில். ஏப்ரல் 19 காலையில் ஓட்டுப் போடப் போனால், வாக்குச்சாவடி வாசலில் அவரே நிற்கிறார். விரலில் மை காயாமல் வெளியே வந்து அவர் முகத்தைப் பார்த்தேன். “இன்னும் முடியலல்ல” என்றார்.

இதற்கு நடுவில் சித்திரை ஒன்று. நமக்கு ஏப்ரல் 14 விடுமுறை. தாய்லாந்தில் சொங்க்ரான், அவர்களுடைய புத்தாண்டு, ஏப்ரல் 13 முதல் 15 வரை. அந்த வருஷம் 13, 14 சனி ஞாயிறில் விழுந்ததால் 16-ம் சேர்ந்து விடுமுறை. நம் ‘சங்கராந்தி’ என்ற சொல்தான் அங்கே சொங்க்ரான். சூரியன் மேஷத்துக்குப் போவதை இரண்டு ஊரும் சேர்ந்து கொண்டாடினார்கள். என் மின்னஞ்சலுக்கு இரண்டு பக்கமும் பதில் இல்லை.

இனி நானே செய்த தப்பு. உண்மைத்தன்மைச் சான்று வர நாளாகும் என்று தெரிந்ததும் சென்னையில் ஒரு ஏஜென்ட்டைப் பிடித்தேன். “டெல்லியில எஸ்.டி.எம். சீல் வாங்கி நேரா அமைச்சகத்துல குடுத்துடலாம் மேடம், பத்து நாள்” என்றார். எஸ்.டி.எம். என்றால் சப் டிவிஷனல் மாஜிஸ்திரேட். சொன்ன மாதிரி பத்தாவது நாள் கூரியரில் பட்டம் வந்தது. பின்பக்கம் சதுரமாக, அழகாக ஒரு ஸ்டிக்கர். அப்போஸ்டில். படம் எடுத்துப் பள்ளிக்கு அனுப்பினேன். அங்கே வெளிநாட்டு ஆசிரியர்களைக் கவனிக்கும் அக்கா இரண்டு நாள் கழித்து எழுதினார்: இது எங்கள் நாட்டுக்கு இல்லை.

இதை மட்டும் யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால்! அப்போஸ்டில் என்பது ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் ஒன்றின் காகிதத்தை இன்னொன்று நம்புவதற்கான ஸ்டிக்கர். இந்தியாவில் அது 2005-இல் அமலுக்கு வந்தது. கொரியா சேர்ந்திருக்கிறது. நான் விண்ணப்பித்த 2024-இல் தாய்லாந்து அதில் இல்லை. இல்லாத நாட்டுக்கு அந்த ஸ்டிக்கர் வெறும் ஸ்டிக்கர்தான். அதற்கு அமைச்சகத்தின் சாதாரணச் சான்றொப்பம், அதன்மேல் அந்த நாட்டுத் தூதரகத்தின் முத்திரை, இரண்டும் வேண்டும். ஏஜென்ட்டுக்கு போன் செய்தேன். “எல்லா நாட்டுக்கும் இதுதான் மேடம் போடுறோம்” என்றார். அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் 50 ரூபாய். அவர் வாங்கியது 7,500. மீதியில் அவருக்கு ஒரு உலக வரைபடம் வாங்கியிருக்கலாம்.

மே 16 வந்தது. கோன் கேனில் பள்ளி திறந்தது. நான் போடியில், மார்ச்சோடு பழைய பள்ளியை விட்டு நின்றுவிட்டு, திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். நன்னடத்தைச் சான்று மே 20-ஆம் தேதி வந்தது. பள்ளியிலிருந்து மரியாதையாக ஒரு மின்னஞ்சல்: முதல் பருவத்துக்கு வேறு ஒருவரை எடுத்துவிட்டோம், இரண்டாம் பருவம் நவம்பரில், அப்போது வர முடியுமா? முடியும் என்று எழுதினேன். எழுதிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். அப்பா மேலே வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. காய்ந்த துணியையெல்லாம் எடுத்துக்கொண்டு கீழே போனார். அந்த மனிதர் அதுவரை கொடியிலிருந்து ஒரு துண்டுகூட எடுத்ததில்லை.

ஜூனிலிருந்து தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன். ஜூலையில் சென்னை போய் டோயிக் எழுதினேன். 200 கேள்வி, இரண்டு மணி நேரம். ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ., எம்.ஏ., ஆறு வருஷம் ஆங்கிலப் பாடம் நடத்திய அனுபவம், எல்லாம் இருந்தும் எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று ஒரு கணினி தாள் தர வேண்டும். பிறந்த ஊர் வேறாக இருந்தால் அந்தத் தாள் வேண்டாம். கோபம்தான். ஆனால் தேர்வு எழுத உட்கார்ந்த பிறகு, கேட்டு எழுதும் பகுதியில் அமெரிக்க, பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய உச்சரிப்பு எல்லாம் மாறி மாறி வந்தபோது, எனக்குப் பிடித்துப் போய்விட்டது. 910 வந்தது. 310 மதிப்பெண் வீண் என்றார் அப்பா.

பட்டத்தை இந்த முறை நானே கொண்டுபோனேன். போடியிலிருந்து சென்னைக்கு இப்போது ரயில் இருக்கிறது. 2023 ஜூனில் விட்டார்கள், வாரம் மூன்று நாள். அந்த ரயிலில் மூன்று முறை போய் வந்தேன். உண்மைத்தன்மை, மாநில ஒப்பம், அமைச்சகம். வெளியுறவு அமைச்சகத்தின் வேலை சென்னையிலேயே முடிகிறது. டெல்லி போக வேண்டியதில்லை. சாதாரணச் சான்றொப்பத்துக்கு அரசுக் கட்டணமே கிடையாது, காகிதத்தை வாங்கிக் கொடுக்கும் நிறுவனத்துக்கு நூறு ரூபாய்க்குள் ஒரு சேவைக் கட்டணம் மட்டும். ஏஜென்ட்டே தேவையில்லை என்று சொல்ல மாட்டேன். சென்னையில் தங்க இடம் இல்லாதவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் போகும். ஆனால் ஏஜென்ட்டிடம் போகும் முன், எந்த நாட்டுக்கு எது என்று நீங்கள் தெரிந்துகொண்டு போங்கள். அவர்கள் நம்மைவிடக் கொஞ்சம்தான் அதிகம் தெரிந்தவர்கள்.

செப்டம்பரில் தூதரக முத்திரையோடு எல்லாம் சேர்ந்துவிட்டது என்று நினைத்து ஸ்கேன் அனுப்பினேன். பதில்: நன்னடத்தைச் சான்று மூன்று மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். என்னுடையதற்கு வயது நான்கு மாதம் ஆகியிருந்தது.

எனக்கு ஒன்று அப்போதுதான் உறைத்தது. இந்த வேலையில் காகிதம் வாங்குவது கஷ்டமே இல்லை. எல்லாக் காகிதமும் ஒரே நாளில் உயிரோடு இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். பட்டத்துக்குச் சாவு இல்லை. டோயிக் இரண்டு வருஷம் இருக்கும். நன்னடத்தைச் சான்றுதான் கறிவேப்பிலை, முதலிலேயே பறித்து வைத்தால் வாடிவிடும். நான் எது சுலபமோ அதை முதலில் செய்தேன். சாவு இல்லாததை முதலில் முடித்து, வாடுவதைக் கடைசியில் பறித்திருக்க வேண்டும்.

மறுபடி 500 ரூபாய், மறுபடி மதுரை, மறுபடி அதே காவல் நிலையம். காவலர் என்னைப் பார்த்ததும், “நீ இன்னும் போகலையா?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவரே பைக்கை எடுத்து அன்று மாலை வீட்டுக்கு வந்தார். பக்கத்து வீட்டு அத்தையிடமும் எதிர்வீட்டு மாமாவிடமும் கையெழுத்து வாங்கினார். அத்தை, “இந்தப் புள்ளைய எப்பத்தான் அனுப்புவீக?” என்று அவரையே கேட்டார். ஆறு நாளில் சான்று வந்தது.

மருத்துவச் சான்றில் ஒரு வேடிக்கை. தாய்லாந்து வேலை அனுமதிக்குக் கேட்கும் சான்றில், இன்னாருக்குத் தொழுநோய், காசநோய், யானைக்கால், மேகநோய் முற்றிய நிலை, போதைப் பழக்கம், குடிநோய் இல்லை என்று டாக்டர் எழுத வேண்டும். எங்கள் தெரு டாக்டர் என்னை ஐந்து வயதிலிருந்து பார்ப்பவர். பட்டியலைப் படித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து, “குடிநோய்க்கு உங்க அப்பாவைக் கேட்டுக்கட்டுமா?” என்றார். அந்தச் சான்று அங்கே போனதும் செல்லவில்லை. தாய்லாந்தில் இருக்கும் கிளினிக்கில்தான் எடுக்க வேண்டுமாம். பத்து நிமிஷத்தில் எடை பார்த்து, ரத்தம் எடுத்து, கொடுத்துவிட்டார்கள். என் காலை யாரும் பார்க்கவில்லை.

அக்டோபரில் பாஸ்போர்ட்டில் 90 நாள் விசா ஸ்டிக்கர் விழுந்தது. (2025 ஜனவரியிலிருந்து இந்தியாவில் இது இணையத்திலேயே முடிகிறது. நான் போன பிறகு.) போடியிலிருந்து சென்னைக்கு ஓர் இரவு முழுக்க ரயில். சென்னையிலிருந்து பாங்காக் மூன்றரை மணி நேரம்.

வந்து இறங்கினால் காகிதம் முடிந்ததா? இல்லை. தங்கியிருக்கும் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் நான் வந்திருப்பதைக் குடிவரவுத் துறைக்குச் சொல்ல வேண்டும். வேலை அனுமதி தனி. கற்பிக்க ஆசிரியர் கவுன்சிலின் தற்காலிக அனுமதி தனி. அந்தக் கவுன்சிலின் பெயர் குருசபா. குரு, சபை, நம் சொற்களேதான். பிறகு ஒவ்வொரு 90 நாளும், நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். என்னோடு வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் ஆசிரியை, முதல் பருவத்தில் என் இடத்துக்கு வந்தவர்தான், அவரும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலைக் கட்டிக்கொண்டே தூங்குகிறார். அவர் காகிதக் கதை என்னுடையதைவிட நீளம். அதை அவர் எழுதட்டும்.

முதல் நாள் காலை, நவம்பர் 1, கொடியேற்றம் முடிந்து தலைமை ஆசிரியர் என்னை மைக்கில் அறிமுகம் செய்தார். தாய் மொழியில் என்னென்னவோ சொன்னார். (சேர்த்து எழுதினால் தாய்மொழி, விட்டு எழுதினால் தாய் மொழி. இடைவெளி என்னை விடுவதாக இல்லை.) கடைசியில், “டீச்சர் பாண்டி!” என்றார். ஆயிரம் பிள்ளைகள் கை தட்டினார்கள். இங்கே எல்லோரையும் முதல் பெயரால்தான் கூப்பிடுவார்கள். பாஸ்போர்ட்டில் முதலில் அச்சாகியிருப்பது குடும்பப் பெயர்க் கட்டம். அதைப் பார்த்து அடையாள அட்டை, வருகைப் பதிவேடு, மேசையில் பெயர்ப் பலகை எல்லாம் தயாராக இருந்தது. பிள்ளைகளுக்குப் பெயர் பிடித்துவிட்டது வேறு. பாண்டியின் கடைசி எழுத்தை நீட்டினால் ‘டீ’; அவர்கள் மொழியில் ‘டீ’ என்றால் நல்லது.

திருத்தலாமா என்று அந்த அக்காவைக் கேட்டேன். திருத்தலாம், ஆனால் வேலை அனுமதிக்கு அனுப்பிய காகிதங்களோடு ஒத்துப்போக வேண்டும், மறுபடி முதலிலிருந்து என்றார். விட்டுவிட்டேன்.

போன வாரம் மதிய இடைவேளையில் அப்பா வீடியோவில் இருந்தார். எனக்குப் பின்னால் இரண்டு பையன்கள் ஓடிக்கொண்டே, “குட் ஆஃப்டர்நூன், டீச்சர் பாண்டி!” என்று கத்தினார்கள். அப்பா திரையில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, யாரோ கூப்பிட்டதற்குப் பதில் சொல்வதுபோல, “ஆங்” என்றார்.